நூறு இடியம்கள், ஆசிரியர் ராஜகோபால்

சுகாசினி இறந்த அன்று காலை ராஜகோபால் சார் சென்டரின் வாட்ஸப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டார். ‘அவர் பிலவ்ட் சுகாசினி மேடம் கிக்ட் த பக்கெட் டுடே.’ நம் அன்புக்குரிய சுகாசினி மேடம் இன்று மண்டையைப் போட்டார் என்று பொருள். அறுபத்திரண்டு பேர் கீழே கைகூப்பிய படம் போட்டார்கள். அவள் பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் என் மனைவி.

ராஜகோபால் சார் பிள்ளையார்பாளையத்தில் ஜரிகைக் கடை ஒன்றின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை தேடும் பிள்ளைகள் மூன்று மாதம் வந்து படிப்பார்கள். இடியம் என்றால் சாருக்கு உயிர். சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் ஆங்கிலத் தொடர்கள். இன்டர்வியூவில் நான்கை எடுத்துவிட்டால் வேலை நிச்சயம் என்பது அவர் கொள்கை. அவருக்குத் தெரிந்தவை ஆறு. அந்த ஆறில் ஒன்றை மேலே சொல்லியிருக்கிறேன்.

மற்றதையெல்லாம் சுகாசினிதான் சொல்லிக்கொடுத்தாள். அதற்காக ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். மூன்று வருடத்தில் நூறு இடியம்கள். ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள், தமிழில் ஓர் எடுத்துக்காட்டு. சிரித்தால்தான் பிள்ளைகளுக்கு மறக்காது என்பாள். அதனால் எடுத்துக்காட்டுகளில் பாதி ராஜகோபால் சாரைப் பற்றி. வகுப்பு முழுவதற்கும் அது தெரியும். சாருக்குத் தெரியாது. அவர் வகுப்புப் பக்கம் வந்ததில்லை.

நான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் டைப் செட்டிங் செய்கிறேன். படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். அடிப்பது கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. சுகாசினியின் அஞ்சலி போஸ்டரையும் நானே செய்தேன். பிழை இல்லை. டெங்கு, ஒன்பது நாள். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

எட்டு மாதம் கழித்து, தை பிறந்த வாரம், சார் அந்த நோட்டுடன் அச்சகத்துக்கு வந்தார். அதுவரை அது சென்டர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நான் இரண்டு முறை கேட்டும் கொடுக்கவில்லை.

“விஷால், இத புக்கா போடுறோம். ஐந்நூறு காப்பி. அட்டையில என் போட்டோ. ‘நூறு இடியம்கள், ஆசிரியர் ராஜகோபால், எம்.ஏ.’ அந்த எம்.ஏ. மட்டும் கொஞ்சம் பெருசா வரட்டும்.”

“எழுதுனது சுகாசினி சார்.”

“யாருப்பா இல்லன்னது? என் சென்டர்ல, என் சாக்பீஸ்ல எழுதுனாங்க.”

“பேனாவுல எழுதுனது சார். அட்டையில அவ பேரு போடுங்க. உங்க பேருக்குக் கீழ போட்டாக்கூடப் போதும்.”

சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, உனக்கு இல்லாத வருத்தமா எனக்கு? ஆனா இது சுப காரியம். தையில புது பேட்ச் ஆரம்பிக்கிறோம். போனவங்க பேரு அட்டையில இருந்தா எந்தத் தாய் தன் புள்ளைய கொண்டாந்து சேப்பா? கடைசிப் பக்கத்துல சின்னதா ஒரு நன்றி போட்டுக்கலாம். இடம் இருந்தா.”

இடம் இல்லை. கடைசிப் பக்கத்தில் சென்டருக்கு வழி சொல்லும் வரைபடம் வந்தது.

“இன்னொண்ணு. உள்ள ஒரு எழுத்துகூட மாத்தாத. நீ படிச்சவன், அங்க இங்க கை வெப்ப. அப்படியே அடி.”

அப்படியே அடித்தேன். நூறையும். அவள் எழுத்தில் ‘ழ’வின் வால் நீளமாக இருக்கும். கணினியில் அது வராது.

எங்கள் அச்சகத்தில் ஒரு நடைமுறை உண்டு. புரூஃபின் கடைசித் தாளில் ‘படித்துப் பார்த்தேன், அச்சிடலாம்’ என்று வாடிக்கையாளர் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துவிட்டு அடி வாங்கியதிலிருந்து முதலாளி இதில் கறார். சார் அட்டையை ஒரு கால் மணி நேரம் பார்த்தார். போட்டோவில் மீசையைக் கறுப்பாக்கச் சொன்னார். உள் தாள்களைக் கட்டை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினார்.

“உள்ள படிச்சிங்களா சார்?”

“என் புக்க நானே படிக்கணுமா?”

“படிச்சுட்டுப் போடுங்க சார்.”

“குட்றா பேனாவ.”

மூன்றாவது முறை கேட்கவில்லை. கையெழுத்து நன்றாக இருந்தது. அதிலும் எம்.ஏ. இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளியீடு. பொதுவாக ஒரு பிரதியின் நான்கு மூலையில் மஞ்சள் தடவி சாமி காலடியில் வைத்து எடுப்பார்கள். சாருக்கு ஒன்று போதவில்லை. ஐந்நூறையும் ஆட்டோவில் ஏற்றித் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனார். அவருடைய அம்மா கங்கையம்மாள் ஒரு கிண்ணம் மஞ்சளுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தடவினார். குருக்கள் நூலாசிரியர் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். நானும் ஆட்டோக்காரரும் கட்டுகளைத் தூக்கிச் சன்னிதியில் வைத்து எடுத்தோம். அதுவரையிலும் ஒருவரும் உள்ளே ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

சென்டரில் தொண்ணூறு பேர். பிள்ளைகள், பெற்றோர், கீழே ஜரிகைக் கடைக்காரர். சிறப்பு விருந்தினர் வரதராஜன், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. சார் பட்டு வேட்டியில் வந்தார். ஏழு அங்குல ஜரிகை. முதல் வரிசையில் கங்கையம்மாள். கையில் இன்னும் மஞ்சள்.

வரதராஜன் புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு, பேச்சைக் குறைத்துக்கொள்கிறேன் என்றார். இங்கே படித்த பிள்ளை யாராவது எழுந்து நான்கைந்து இடியம் படிக்கட்டும், அதைவிட நல்ல பேச்சு இல்லை என்றார்.

ரூக்ஷார் எழுந்தாள். சுகாசினியிடம் படித்து முடித்த பழைய மாணவி, விழாவுக்கு வந்திருந்தாள். எந்தப் பக்கம் என்று தேடவில்லை; நோட்டின் வரிசை அவளுக்கு மனப்பாடம். முதலில் விரல் போன இடத்திலேயே நின்றது.

“ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன். பொருள், எப்போதாவது, அரிதிலும் அரிதாக. எடுத்துக்காட்டு, ராஜகோபால் சார் வகுப்புக்கு வருவது.”

கூடம் சிரித்தது. வரதராஜன் கை தட்டினார்.

“தன்னையே கிண்டல் பண்ணிக்க ஒரு மனசு வேணும் சார். எங்க எம்.டி.க்கு அது கிடையாது.”

ராஜகோபால் சார் தலையைக் குனிந்து பணிவாகச் சிரித்தார். அந்தப் பணிவு அரை நிமிடம் இருந்தது.

“ஒயிட் எலிஃபண்ட். பொருள், வைத்துக் காப்பாற்றுவதே பெரும்பாடு, உபயோகம் கிடையாது. எடுத்துக்காட்டு, சார் வாங்கி மூலையில் போர்த்தி வைத்திருக்கும் புரொஜெக்டர்.”

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். அது போர்த்தித்தான் இருந்தது.

“வுல்ஃப் இன் ஷீப்ஸ் க்ளோதிங். பொருள், ஆட்டுத் தோல் போர்த்திய ஓநாய். எடுத்துக்காட்டு, விழா நாளில் பட்டு வேட்டி கட்டிய ராஜகோபால் சார்.”

ஜரிகைக் கடைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். சாரின் கை தானாக வேட்டி மடிப்பைப் பிடித்தது.

“போதும்மா, உட்காரு” என்றார்.

“இன்னும் ஒண்ணு சார்” என்றாள் ரூக்ஷார். “ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர். பொருள், அடுத்தவர் உழைப்பின் பெருமையைத் தட்டிக்கொண்டு போவது. எடுத்துக்காட்டு, நான் எழுதிய இந்த நோட்டை, தான் எழுதியதாக வணிகர் சங்கக் கூட்டத்தில் சார் தூக்கிக் காட்டியது.”

இதற்குச் சிரிப்பு வரவில்லை. வரதராஜன் அட்டையைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், சாரைப் பார்த்தார்.

“அப்போ எழுதுனது யாருங்க?”

கங்கையம்மாள் மகனிடம் திரும்பினார். “இன்னாடா இது? உன்னியே நீ ஓநாயின்னு எழுதிக்கினு இருக்குறியா?”

சாருக்கு இரண்டு வழி இருந்தது. இதையெல்லாம் எழுதியது தான்தான் என்பது ஒன்று. மற்றதை அவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

“இது நான் எழுதலீங்க. சுகாசினி மேடம் எழுதுனது. முழுக்க முழுக்க அவங்கதான். ஒரு வரிகூட என்னுது இல்ல.”

பின்னால் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள். மறுபடி சொன்னார். அவருடைய அம்மாவுக்காக மூன்றாவது முறை. அட்டையில் அவள் பெயரை ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டிருந்தேன். மூன்று முறை மைக்கில் கிடைத்தது.

கூட்டம் கலைந்தபின் சார் என் சட்டையைப் பிடித்தார்.

“தெரிஞ்சே அடிச்சியாடா?”

“ஒரு எழுத்துகூட மாத்தாதன்னீங்க சார். நீங்க கையெழுத்துப் போட்ட தாள் பிரஸ்ல இருக்குது.”

சட்டையை விட்டார். “எல்லாத்தையும் பழைய பேப்பர் கடைக்கு ஏத்து. இல்ல, வேணாம், அவன் பிரிச்சுப் படிப்பான். கொளுத்திடலாம்.”

“எத கொளுத்துவ?” கங்கையம்மாள் கட்டுகளின் மேல் கை வைத்தார். “மஞ்சள் தடவி சாமி கால்ல வெச்ச பொருளு. இதுல ஒண்ண கிழிச்ச, ஒண்ண கொளுத்துன, நான் இங்கியே உயிர விட்டுடுவேன்.”

“அம்மா, உள்ள என்னியத் திட்டி இருக்குதுமா.”

“சாமி பாத்துச்சி இல்ல? அது ஒண்ணும் சொல்லல. நீ யாரு?”

ஐந்நூறிலும் நான்கு மூலை மஞ்சள். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதைக் கொளுத்தியிருக்கலாம். சார் ஒரு பிரதியை எடுத்து, அட்டையில் தன் பெயரைக் கட்டை விரலால் மறைத்துப் பார்த்தார்.

“ஸ்டிக்கர் அடி” என்றார். “அட்டையில என் பேரு மேல ஒட்டிடு. ‘எழுதியவர் சுகாசினி’.”

“எந்த சைஸ் சார்?”

“பெருசா போடுபா. என் மூஞ்சி துளிகூடத் தெரியக் கூடாது.”

“போனவங்க பேரு, சுப காரியம்னீங்களே.”

“நீ வாய மூடிக்கினு அடி.”

ஸ்டிக்கர் புரூஃபை மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டே சொல். எழுத்துக் கூட்டி நான்கு முறை படித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இந்த முறை எம்.ஏ. இல்லை.

அச்சு முடிந்ததும் சார் எடுத்துப்போயிருந்த நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

ஸ்டிக்கர்களைச் சென்டரில் உட்கார்ந்து நானே ஒட்டினேன். ரூக்ஷார் பாதியில் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணா, கோணலா போவுது.”

“தெரியுது.”

“முப்பத்தியொண்ணாம் பக்கம் படிச்சிங்களா?”

படித்திருந்தேன். அடித்தவன் நான். ‘ஆல் தம்ஸ். பொருள், கைவேலை எதுவும் திருத்தமாக வராதவர். எடுத்துக்காட்டு, என் வீட்டுக்காரர். சுவரில் காலண்டர் மாட்டினால்கூடச் சாய்ந்துதான் நிற்கும்.’

அதிலும் ஓர் எழுத்தை மாற்றவில்லை.

ரூக்ஷார் அடுத்த கட்டை எடுத்து ஒட்டத் தொடங்கினாள். அவள் ஒட்டியவை நேராக இருந்தன. நான் ஒட்டியவை இருநூற்றுப் பத்து. அவற்றைப் பிரித்து நேராக ஒட்டவில்லை.