தெருக்கதவில் தொங்கிய பூட்டு

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். காயல்பட்டினத்தில் இதை அறியாதவர் இல்லை. பெண்ணுக்கு வீடு கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். வாப்பா எனக்குக் கட்டிய வீடு இந்த மாதம்தான் முடிந்தது. கரண்ட் மட்டும் இல்லை. துபாயிலிருந்து என் மாப்பிள்ளை ரியாஸ், ஊருக்கே அண்ணன் மாதிரியான பீர் முகம்மது காக்காவிடம் சொன்னால் ஆள் பிடித்து முடித்துத் தருவார் என்றார். யாரும் வேண்டாம், வியாழக்கிழமை நீங்கள் வரும்போது லைட் எரியும் என்று வாயை விட்டுவிட்டேன்.

வரி ரசீது, ஆதார் எல்லாவற்றையும் போனிலேயே ஏற்றினேன். மீட்டர் வைக்க ஆள் வரும் என்றார்கள். திங்களும் செவ்வாயும் புது வீட்டு அடுப்படியில் காத்துக் கிடந்தேன். செவ்வாய் மதியம் செய்தி மட்டும் வந்தது: வீடு பூட்டியிருந்ததாம். நான் உள்ளே இருக்க, பூட்டியிருந்ததாம்!

புதன் காலை கரண்ட் ஆபீஸில் போய் நின்றேன். வயர்மேன் செந்தூர்வேல், தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், எங்கள் ஊருக்குப் புதிது. வராமலே வந்ததாகப் பொய் எழுதலாமா, பெல்லாவது அடித்தீர்களா என்று பிடித்துக்கொண்டேன்.

"கரண்டே இல்லாத வீட்டுல பெல் எப்படிம்மா அடிக்கும்?" என்று தன் போனை நீட்டினார். படத்தில் என் வீட்டுத் தெருக்கதவு. அதில் என் பூட்டு.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் பெண்கள் போய்வர வீடுகளுக்குப் பின்னால் தனிச் சந்து உண்டு. உம்மா வீட்டிலிருந்து அந்த வழியாகவே வந்து, பின்வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட்காரர் பெண்கள் சந்தில் வருவாரா? புத்தி எங்கே போயிற்று எனக்கு? வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கம்மா. எங்க ஊர்ல வாசல்ல நின்னு சத்தம் கொடுத்தா வந்துருவாவ. இங்கன பின்னால ஒரு வழி ஓடுதுன்னு நான் என்னத்தக் கண்டேன்" என்றார். மறுநாள் முதல் வேலை என் வீடுதான் என்றும் சொன்னார்.

வியாழன் விடிந்ததும் தெருக்கதவை விரியத் திறந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை சாயங்காலம்தானே வருகிறார், அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாயா என்று பக்கத்து வீட்டு மாமி கேலி செய்தார். செய்யட்டும். ஒன்பதரைக்கு செந்தூர்வேல் வந்தார். பத்தரைக்குள் வாசல் சுவரில் மீட்டர் ஏறிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் ஒவ்வொரு அறையிலும் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ரியாஸ் வந்திறங்கினார். பெட்டியைக் கீழே வைக்காமல் வாசல் லைட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருட்ட சொல்லி முடிச்ச?"

"யாருட்டயும் சொல்லல. கதவைத் தொறந்து வச்சேன்."

அவர் சிரித்துக்கொண்டே, திறந்திருந்த கதவின் பக்கத்தில் பெல்லை அமுக்கினார். அடித்தது.