ஜெனீவா வரிசையில் ஒரு வீடு

உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, இந்த அமைப்புகள் எல்லாம் ஏன் ஜெனீவாவிலேயே போய்க் குடியேற வேண்டும் என்பது ஜிஜாவுக்குப் பிடிபடவே இல்லை. உலக சுகாதார அமைப்பு ஜெனீவா. தொழிலாளர் அமைப்பு ஜெனீவா. வணிக அமைப்பும் ஜெனீவா. சரி, எதைக் கேட்டாலும் ஜெனீவா என்று எழுதிவிடலாம் என்று துணிந்தால், தபால் ஒன்றியம் அதே நாட்டில் இருந்துகொண்டு பெர்ன் என்று பல்லை இளிக்கும். பெட்ரோல் நாடுகளின் கூட்டமைப்புக்கு ஆபீஸ் வியன்னாவில். அந்த நாடோ அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினரே இல்லை. இதையெல்லாம் யார் உட்கார்ந்து முடிவு செய்தார்கள், அவர்களுக்கு வேறு வேலை வெட்டி இல்லையா என்று அவள் ரேங்க் ஃபைலைப் பார்த்துக் கேட்பதுண்டு. ரேங்க் ஃபைல் என்றால் கேரளத்தில் பி.எஸ்.சி. தேர்வு எழுதுகிறவர்கள் கையில் தலையணை கனத்துக்கு இருக்குமே, அந்தப் புத்தகம். அது கேள்வி கேட்குமே தவிர பதில் சொல்லாது.

போன முறை கிளார்க் தேர்வில் அவள் பட்டியலில் வராமல் போனது ஒன்றரை மார்க்கில். கணக்கிலும் மலையாளத்திலும் அவளை அசைக்க ஆள் கிடையாது. கவிழ்த்தது சர்வதேச அமைப்புகள்தான். நான்கு கேள்வி, நான்கும் தப்பு, போதாததற்கு ஒவ்வொரு தப்புக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க் பிடித்தம். இப்போது வயது முப்பத்தெட்டு. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பு தாண்டியிருக்கும். இந்தத் தேர்வு போனால் போனதுதான்.

போனால் என்ன, பாறசாலை ஃபோட்டோஸ்டாட் கடையில் வேலை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் ஹால் டிக்கெட் அவள் கையால் அச்சானதுதான். ஆனால் அவள் குடியிருப்பது காரோட்டில், அண்ணன் சஜியின் வீட்டில், பக்கவாட்டு அறையில். ஒற்றசேகரமங்கலத்தில் கணவன் வீட்டை விட்டு மகள் சோனாவோடும் இரண்டு பையோடும் கிளம்பி வந்து ஐந்து வருடம் ஆகிறது. சர்க்கார் வேலை கிடைத்தால் ஒரு வாடகை வீடு எடுக்கலாம். அதன் சாவி அவள் பையில் கிடக்கும். அவளுக்கு வேண்டியது அந்தச் சாவி ஒன்றுதான்.

அண்ணன் மனைவி விமலகுமாரி, ஜிஜாவுக்கு மைனி, கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் மட்டும் நிற்காது. சஜியைத் திட்டுவாள், சோனாவைத் திட்டுவாள், முட்டையிடாத கோழியைத் திட்டுவாள், நேரத்துக்கு வராத மீன்காரனைத் திட்டுவாள். ஜிஜாவை மட்டும் இந்த ஐந்து வருடத்தில் ஒரு சொல் சொன்னதில்லை. ஜிஜா பாத்திரம் கழுவப் போனால், "நீ போய் படி மக்கா, நான் செய்யேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். ஊர் அதைப் புகழ்ந்தது. ஜிஜாவுக்கோ ஒவ்வொரு முறையும் அது உறுத்தும். விருந்தாளியைத்தானே யாரும் திட்டுவதில்லை.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அவர்கள் இடவழி, வீடுகளுக்கு நடுவே ஓடும் அந்தச் சந்து, சர்ச் மதிலில் தொடங்கிக் கிணற்று வளைவைச் சுற்றி மெயின் ரோட்டில் முடியும். அந்த வீடுகளில் அமைப்புகளைக் குடிவைத்துவிட்டால் என்ன? வீடு எங்கே நிற்கிறதோ அதுதான் ஊர். சர்ச் மதிலை ஒட்டிய வரிசை ஜெனீவா. முதல் வீட்டில் நர்ஸ், ஆகவே சுகாதார அமைப்பு. இரண்டாவது வீட்டில் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் யூனியன்காரர், ஆகவே தொழிலாளர் அமைப்பு. நான்காவது பலசரக்குக் கடை, வணிக அமைப்பு. கிணற்று வளைவில் கிருஷ்ணன்குட்டியும் தம்பியும் ஒரே வீட்டில் இரண்டு வாசல் வைத்து, நடுச்சுவர் யாருடையது என்று பதினொரு வருடமாக நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கேஸ் நடத்துகிறார்கள். சர்வதேச நீதிமன்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? அது தி ஹேக். அடுத்தது மாவு மில். உணவு வேளாண்மை அமைப்பு, ரோம். எதிரே நீதுவின் பியூட்டி பார்லர். நீது சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுப் புருவம் திருத்துகிறவள். ஆகவே யுனெஸ்கோ, பாரிஸ். சரோஜத்தின் வீட்டில் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது, ஆனால் வாசலில் பாட்டில் பாட்டிலாகப் பெட்ரோல் விற்பாள். கோபம் வந்தால் வெடிப்பாள். பெட்ரோல் நாடுகளும் அணுசக்தி முகமையும் அவள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தன, அது வியன்னா. கடைசி வீடு புஷ்பபாய். பிள்ளைகள் எட்டு, எட்டும் ஒன்றாகக் கூடிப் பல வருடம் ஆகிறது. எட்டு நாடுகளின் சார்க் அதுதான், காத்மாண்டு.

மாயம் போல வேலை செய்தது. கடைக்குப் போக வர இடவழியில் நடந்தாலே பாடம் ஓடிவிடும். ஒரே ஓர் அமைப்பு மட்டும் குடியில்லாமல் நின்றது, அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையம். இந்த இடவழியில் அகதிக்கு எங்கே போவது என்று ஜிஜா அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். பிறகும் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் விரல் தானாக இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியது. அதேபோல ஒரே ஒரு வீடும் காலியாகக் கிடந்தது. சர்ச் மதிலிலிருந்து மூன்றாவது வீடு. அவள் குடியிருந்த வீடு.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஜிஜா வரைந்து வைத்திருந்த இடவழிப் படம் ரேங்க் ஃபைலிலிருந்து நழுவி, அவள் போயிருந்த நீதுவின் பார்லரில் விழுந்தது. நீது எடுத்துப் பார்த்தாள், சிரித்தாள், அன்றைக்குப் புருவம் திருத்த வந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மாலைக்குள் இடவழி முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதலில் வந்தவள் புஷ்பபாய்.

"எட்டு பெத்தவளாக்கும் நான். என்னை எங்கயோ மலைக்க மேல கொண்டு வச்சிருக்கியாம். ஐக்கிய நாட்டு சபை எந்த ஊரு?"

"நியூயார்க் அக்கா."

"அப்போ அத எனக்குத் தா. எனக்க மூத்தவன் அமெரிக்காவுக்குப் போக பேப்பர் கொடுத்திருக்கான்."

அடுத்து கிருஷ்ணன்குட்டி வந்தார். "கேஸு உண்டு, இல்லேங்கல்ல. அதுக்காக என்னைக் கோர்ட்டு ஆக்கியது சரியில்ல கேட்டியா. நான் மூணு தடவ ரெத்தம் கொடுத்தவன். ரெட் கிராஸ் உண்டுல்லா, அதப் போடு."

"அது ஜெனீவா மாமா. ஒங்க வீடு வளைவில லா இருக்கு."

"ஒரு பரீட்சைக்கு வேண்டித்தானே. மாத்திப் போடு மக்கா."

சரோஜம் வாசலில் நின்றே கேட்டாள். "எட்டி ஜிஜா, நான் அணுகுண்டா?"

அவளுக்குப் பாரிஸ் வேண்டுமாம். நீது பாரிஸைத் தர மாட்டேன் என்றாள். இருவருக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. உலக சமாதானத்துக்காக ஏற்பட்ட அமைப்புகள் அந்த இடவழியில் செய்த வேலை இது.

ஜிஜா எல்லோருக்கும் சரி என்றாள். வேறென்ன சொல்வாள்? அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறவள் ஊரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? கேட்டபடியெல்லாம் மாற்றிப் போட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கிணற்று வளைவைக் கடக்கும்போது ஹேக்கா ஜெனீவாவா என்று கால் தடுமாறியது. மில்லில் மாவு வாசம் வந்தால் யுனெஸ்கோ ஞாபகம் வந்தது. கடையில் ஒருவர் ஆதார் கார்டைக் கொடுத்து இரண்டு நகல் கேட்க, அவள் "காத்மாண்டு" என்றாள். மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தாள். ஐந்தில் ஒன்று சரி. அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

விமலகுமாரியும் ஒரு தடவை கேட்டாள். "எல்லாரும் சொல்லுகாவ. நம்ம வீடு என்னதாக்கும்?"

"ஒண்ணும் வைக்கல்ல மைனி. உள்ள இருக்கவளுக்கு வீடு கண்ணுல படாதுல்லா."

மைனி கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் இருந்தது. "செரி, செரி. நீ படி" என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை பாறசாலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்கி, தேர்வு நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் இடித்தது. கணக்கு போயிற்று. மலையாளம் போயிற்று. அறுபத்தொன்றாம் கேள்வியில் பெட்ரோல் நாடுகள் வந்து நின்றன. ஒரு நிமிஷம் எல்லாம் கிறங்கியது. புஷ்பபாய் நியூயார்க்கில் நிற்கிறாள், சரோஜம் பாரிஸுக்கு மூட்டை கட்டுகிறாள். பிறகு சரோஜம் வாசலில் குந்தி புனல் வைத்துப் பாட்டிலில் ஊற்றுவது தெரிந்தது. அவளை எந்தப் பாரிஸுக்கும் கிளப்ப முடியாது. வியன்னா. அடுத்தது நீதிமன்றம். கிருஷ்ணன்குட்டி எத்தனை பாட்டில் ரத்தம் கொடுத்தால் என்ன, நடுச்சுவர் அங்கேயேதான் நின்றது. தி ஹேக். மனிதர்கள் ஆசைப்பட்ட இடம் எதுவும் மனசில் நிற்கவில்லை. அவரவர் குணம் மட்டும் நின்றது. சார்க்கும் சரியாக விழுந்தது. புஷ்பபாய் மன்னிக்கட்டும்.

அறுபத்தைந்தாம் கேள்வி: அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையத்தின் தலைமையகம். ரோம், வியன்னா, ஜெனீவா, நைரோபி.

அந்தப் பக்கத்தை அவள் படித்ததே இல்லை. விட்டுவிட்டு மற்றதை முடித்தாள். திரும்பி வந்தாள். தப்பான வட்டத்தைக் கறுப்பித்தால் மார்க் போகும், விட்டால் ஒன்றுமில்லை. ஆனால் போன முறை ஒன்றரை மார்க். கண்ணை மூடி இடவழியில் நடந்தாள். ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுக்கிற வீடு எது? சரோஜம் பக்கத்து வீட்டுக் கோழியைக்கூட உள்ளே விடமாட்டாள். மில்லில் ராத்தங்க ஆள் வைத்ததில்லை. நர்ஸ் வீட்டில் இடமில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தாள். வாசல் எல்லாம் சாத்திக் கிடந்தது.

ஒரு வாசல் திறந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால், மழை நாள். இரண்டு பை, காய்ச்சலில் சோனா. மைனி ஏன் என்று கேட்கவில்லை. பக்கவாட்டு அறையில் இருந்த நெல் பெட்டியைத் தனியாளாக இழுத்து வெளியே போட்டு, கட்டிலை உள்ளே தள்ளி, "பிள்ளைய கிடத்து" என்றாள். அவ்வளவுதான். அந்த வீடு எங்கே நிற்கிறது? சர்ச் மதிலிலிருந்து மூன்றாவது.

அகதி யார் என்று தெரியாமலா இரண்டு மாதமாகப் பக்கத்தைப் புரட்டினாள்? ஜிஜாவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று அவளுக்கே புரியவில்லை. மேற்பார்வையாளர் மணியைப் பார்த்தார். அவள் ஜெனீவாவைக் கறுப்பித்தாள்.

திரும்பி வரும்போது இடவழி முழுக்க வாசலில் நின்றது. "எனக்க நியூயார்க் வந்துதா?" என்று புஷ்பபாய் கேட்டாள். வரவில்லை என்றாள் ஜிஜா, அது உண்மைதான். வீட்டுக்குள் மைனி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைக் கத்தியால் தோல் சீவிச் செத்திக்கொண்டிருந்தாள்.

"எப்படி உண்டு?"

"கொள்ளாம் மைனி." ஜிஜா வாசல்படியில் நின்றாள். "நம்ம வீடும் வந்துது."

மைனியின் முகம் மலர்ந்தது. "நெசமாவா? எந்த ஊரு?"

"ஜெனீவா."

"நல்ல ஊருதானே. அங்க நம்ம வீடு என்ன ஆபீசு?"

"வீட்ட விட்டு ஓடி வந்தவியளுக்கு எடம் கொடுக்கிய ஆபீசாக்கும். வேற எந்த வீடும் எனக்கு அதுக்குத் தோணல்ல மைனி."

பெருமையாகத்தான் சொன்னாள். நன்றியாகத்தான் சொன்னாள். ஆனால் கத்தி நின்றுவிட்டது.

"அப்போ அஞ்சு வருசமா நான் ஒனக்கு ஆபீசாக்கும், இல்லியா?"

ஜிஜா புகழ்ந்தாளா, இகழ்ந்தாளா, யாரை? ஐந்து வருடமாகத் தன்னை விருந்தாளியாக வைத்தது மைனியா, அல்லது பையைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் தானா? தேர்வு ஹாலில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இங்கே அடுத்தது என்று எதுவும் இல்லை.

அவள் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு மைனிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு கிழங்கை எடுத்துச் செத்தத் தொடங்கினாள். நீ போய்ப் படி என்று மைனி பிடுங்கவில்லை. படிப்பதற்கும் இனி ஒன்றுமில்லை. மூன்றாவது கிழங்கில் மைனி எட்டி அவள் கையைப் பார்த்தாள்.

"இது என்ன செத்து செத்துக? தொலியோட பாதிக் கிழங்கும் போவுது. முப்பத்தெட்டு வயசு ஆச்சு, ஒரு கிழங்கு செத்தத் தெரியல்ல ஒனக்கு."

மைனி அவளைத் திட்டியது அதுதான் முதல் தடவை. ஜிஜா தலையைக் குனிந்துகொண்டு, தோலை மெல்லிசாகச் செத்தப் பார்த்தாள்.