ஆதரவில் விழுந்த ஒரு வரி

பிறர் சொன்னதைப் பிரித்துப் போடுவதுதான் அவள் வேலை. பொருளைத் தூக்கி எறியாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரத்தைப் பற்றிச் சமூக வலைத்தளங்களில் மக்கள் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நிறுவனம் அறிக்கை கேட்டிருந்தது. வரும் ஒவ்வொரு வரியையும் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று கணினியே பிரித்துவிடும். கிண்டல் மட்டும் அதற்குப் பிடிபடாது. 'ஆகா, பிரமாதமான யோசனை' என்று யாராவது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாலும் ஆதரவில் சேர்த்துவிடும். அதைத் திருத்தத்தான் அவள்.

பதினொன்றரை மணிக்கு அந்த வரி வந்தது.

'எங்க வீட்ல இது முப்பது வருஷமா நடக்குதுங்க. அக்கா போட்டது எனக்கு. இப்போ அக்கா பொண்ணு போட்டது என் பொண்ணுக்கு. பூமியைக் காப்பாத்துறதே நாங்கதான்.' கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

கணினி 'ஆதரவு' என்றிருந்தது. ஓரத்துப் படத்தில் இருந்தது அவளுடைய தங்கை.

முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு, அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். மகளுக்குத் துணி எடுக்கும்போதே, தங்கை மகளுக்கும் ஆகுமா என்று யோசித்து எடுப்பவள் அவள். அதைப் பாசம் என்றே நினைத்திருந்தாள். மகளுக்குச் சிறிதான துணிகளைப் பையில் போட்டு நீட்டும்போது தன் மனம் நிறைவது நன்றாக நினைவிருந்தது. வாங்கும்போது தங்கையின் முகம் எப்படி இருந்தது என்பதுதான் நினைவில் இல்லை.

"என்ன, ஒரே வரியில குடித்தனம் நடத்துறே?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"கிண்டலா நெசமான்னு தெரியல."

"எழுதினவகிட்டயா போய்க் கேக்க முடியும்? நடுநிலையில தள்ளிட்டுப் போவியா!"

அவள் எழுந்து மாடிப்படிக்குப் போய்த் தங்கையை அழைத்தாள்.

"என்னக்கா, வேலை நேரத்துல?"

"நீ பூமியைக் காப்பாத்தினது என் மேசைக்கு வந்துச்சுடி."

"ஐயையோ! சும்மா தமாஷுக்கு எழுதினேன்க்கா."

"அப்போ ஆதரவுன்னே விட்டுடவா?"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"வேணாம்," என்றாள் தங்கை. "கோவிச்சுக்காதே. துணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவையாவது வேணுமான்னு கேட்டிருக்கலாம்ல? சின்ன வயசுல அம்மா கேக்கல, சரி. நீயும் நேரா பையோட வந்து நிக்கிறே."

சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. எல்லாமே தன் நல்ல மனசைப் பற்றியதாக இருந்ததால் ஒன்றையும் சொல்லவில்லை.

"சரிடி," என்றாள்.

மேசைக்குத் திரும்பி, 'எதிர்ப்பு' என்று மாற்றினாள். காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. வழக்கம்போல 'கிண்டல்' என்று தட்டியவள், அதை அழித்துவிட்டு, 'கேட்காமல் கொடுத்தது' என்று எழுதினாள்.