ஏழரை மணிக்கு ஒரு பெட்ஷீட்

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு, அந்தத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த எல்லா டிவியிலும், சீரியல் கதாநாயகி வரவேண்டிய நேரத்தில், மாடிப்படிக்கு அடியில் குடியிருந்த இஸ்திரிக்காரி வந்தாள். பின்னணி இசை இல்லை, விளம்பரம் இல்லை. சேனலை மாற்றினாலும் அவள்தான். எட்டு மணிக்கு ஒழுங்காகச் செய்தி வந்தது. கேபிள்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் கம்பத்தில் ஏறி இறங்கி, ஒயரெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு அந்த மாதச் சந்தாவை வசூல் செய்துகொண்டு போனார்.

அதுவரை அந்த நேரத்தில் வந்த சீரியலும் ஜெயிலிலிருந்து வெளியே வந்த ஒருத்தியின் கதைதான். செய்யாத குற்றத்துக்கு உள்ளே போய்விட்டு வந்து வேலை தேடி, வீடு தேடி, பெற்ற பிள்ளையைத் தேடி அலைகிறவள். அவளுக்காகத் தெருவே மூக்கைச் சிந்தியது. அவள் முகத்தில் அடித்தாற்போல் ஒருவன் கதவைச் சாத்திய அன்று, மூன்று மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரர் செருப்பைக் கழற்றி டிவி மேல் வீசினார். அதே மனிதர்தான் அன்று காலை இஸ்திரிக்காரியிடம், "மாடி ரூம் போயிடுச்சும்மா, நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்று சொல்லியிருந்தார். மாடி அறை காலியாகத்தான் கிடந்தது. மாடிப்படிக்கு அடியில் தண்ணீர் மோட்டார் இருந்த பொந்தை, மாடி அறையின் வாடகைக்கே அவள் தலையில் கட்டினார்.

இவள் செய்த குற்றத்துக்குத்தான் உள்ளே போனாள். புருஷன் கையை ஓங்கிய எத்தனையோ நாட்களில் ஒரு நாள் இவளும் ஓங்கினாள். இவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. கோர்ட்டில் கேட்டபோது ஆமாம் என்றாள். அவள் அழவில்லை என்பதைத் தெரு கவனித்தது. அவள் அடி வாங்கிய சத்தம் வருஷக்கணக்காகச் சுவர் தாண்டி வந்ததை மட்டும் ஒருவரும் கவனித்திருக்கவில்லை. பதினோரு வருஷம் உள்ளே காவலர்களின் உடுப்பைத் தேய்த்துவிட்டு, மகள் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக அதே தெருவுக்குத் திரும்பி வந்தாள். மகளை வளர்த்தது தெருக்கோடியில் இருந்த அண்ணனும் அண்ணியும். போய்க் கதவைத் தட்டியபோது அண்ணி ஜன்னலைத் திறந்து, "அவ நல்லா இருக்கா. நல்லா இருக்கணும்னா நீ வராத" என்று சொல்லிச் சாத்திவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டினாள். சீரியலில் அப்போது கதாநாயகி தன் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. அண்ணி தேம்பித் தேம்பி அழுதது வெளியே நின்றவளுக்குக் கேட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அவள் டிவியில் வந்தாள்.

முதல் வாரம், அவள் திரும்பி வந்த நாளிலிருந்து நடந்ததெல்லாம் வரிசையாக வந்தது. மாடி அறை போய்விட்டது என்று வீட்டுக்காரர் பொய் சொன்னது வந்தது. "உன் கை பட்ட துணியை எப்படிம்மா உடுத்தறது?" என்று மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்ட டீச்சர் வந்தார்; என் குரல் இப்படியா இருக்கிறது என்று வீட்டில் எல்லாரையும் கேட்டார். ஜன்னல் சாத்தப்பட்டது வந்தபோது, தெருக்கோடி வீட்டில் டிவியை அணைத்துப் பார்த்தார்கள். அணையவில்லை. அதன் பிறகு பழையது தீர்ந்து, ஏழரையிலிருந்து எட்டு வரை அவள் அறையில் நடப்பது நடக்கிறபடியே வரத் தொடங்கியது. அன்றிலிருந்து தெருவுக்கு நல்ல மனசு வந்தது. டிவியில் தாங்கள் வருவதைப் பார்க்க வீட்டில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, சரியாக ஏழரைக்குத் தலைவாரி, பவுடர் பூசி, பொந்து வாசலில் வரிசையில் நின்றார்கள். டீச்சர் துணி மூட்டையோடு வந்து, சுவரைப் பார்த்து, "மனுஷங்கன்னா மன்னிக்கத் தெரியணும்" என்றார். வீட்டுக்காரர் ஒரு ஃபேன் மாட்டினார். மாட்டியதை இரண்டு முறை சத்தமாகச் சொன்னார்.

அவளிடம் டிவி கிடையாது. "நேத்து நீ சாப்பிடவே இல்லையேம்மா" என்று வருகிறவர்களெல்லாம் உருகியபோதுதான் விஷயம் புரிந்தது. நேரில் நின்று கெஞ்சியபோது கண் தெரியாத ஜனத்துக்குப் பெட்டிக்குள் பார்த்தால்தான் கண் தெரிகிறது! துணியை வாங்கிக்கொண்டாள், தேய்த்துக் கொடுத்தாள், நன்றி என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து விடவில்லை. சீரியல்காரி எவ்வளவு பணிவானவள், இவளுக்கு என்ன திமிர் என்று தெரு பேசிக்கொண்டது.

தினமும் அவள் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். ஒன்றில் சாப்பிட்டாள், இன்னொன்றைக் கழுவிக் கவிழ்த்தாள். அது யாருக்கு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெருக்கோடி வீட்டில் மகள் மட்டும் அந்த நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாதங்கள் போயின. தெருவுக்குப் பொறுமை போயிற்று. அம்மாவும் மகளும் சேர்கிற கட்டம் எப்போது என்று அண்ணியைப் பார்க்கிற இடத்திலெல்லாம் பிடுங்கினார்கள். பதினோரு வருஷம் அந்தப் பெயரையே வீட்டில் எடுக்கவிடாத அண்ணி, ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்குப் புதுச் சுடிதார் வாங்கிக்கொடுத்து, தானே பவுடர் பூசி, "கரெக்டா ஏழரைக்குப் போ. முன்னாடியே போய் வீணாக்கிடாத" என்று அனுப்பினாள்.

வாசலில் மகள் வந்து நின்றபோது, தெரு முழுக்க டிவி சத்தம் ஒரே சமயத்தில் கூடியது. இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். மகளின் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது.

"யாரு அனுப்பினா?"

"அத்தை."

"நீயா வரணும்னு நினைச்சியா?"

"தினம் நினைச்சேன். இவங்க பார்க்கறப்போ வரப் பிடிக்கல."

இஸ்திரிக்காரிக்கு ஆத்திரம் வந்தது. தேய்த்து வைத்த துணிகளில் மேலாக இருந்த பெட்ஷீட்டை உருவினாள். வீட்டுக்காரர் வீட்டுடையது, பூப்போட்ட டபுள் பெட்ஷீட். எங்கேயிருந்து பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. வாசல் பக்கம் பிடித்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் பக்கம் பிடித்தாள், ஒன்றுமில்லை. எதிர்ச் சுவருக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, தெரு முழுக்க வீட்டுக்கு வீடு "ஐயையோ!" என்று ஒரு குரல் எழுந்தது. அங்கேயே ஆணி அடித்து மாட்டினாள்.

துணிக்கு இந்தப் பக்கம் பேசியது டிவியில் கேட்கவில்லை.

"நீ வந்து தட்டின அன்னைக்கு நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன்" என்றாள் மகள்.

"தெரியும்."

"உன் மேல இன்னும் கோவமாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். கோவத்தோடயே சாப்பிடு" என்று சொல்லி, கவிழ்த்திருந்த தட்டை நிமிர்த்தி வைத்தாள். மகள் பெட்ஷீட்டின் ஓரத்தை இழுத்து முகத்துப் பவுடரை அழுந்தத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தத் தெருவில் ஏழரையிலிருந்து எட்டு வரை இப்போதும் எல்லா டிவியிலும் பூப்போட்ட பெட்ஷீட்தான் வருகிறது. ஃபேன் காற்றில் அது கொஞ்சம் அசைந்தால், தெரு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தையும் இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் தன் பெட்ஷீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. தினமும் ஏழரைக்கு உட்கார்ந்து அதைத்தான் பார்க்கிறார்.