முந்திக் கொடுத்த முடி

உர்சுலாவுக்கு அந்த வாரம் முழுவதும் தலைகால் புரியவில்லை. புற்றுநோயாளிகளின் மனக்கஷ்டத்தையும் குடும்பக் கஷ்டத்தையும் ஆராயும் மாணவர்களுக்கென்று ஒரு பரிசுப் போட்டி வைத்திருந்தார்கள். அதில் அவள் கட்டுரை இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை மேடையேறிப் பேச வேண்டும். பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிற பெண், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டாள். அவர், பாவம், தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிப் போனார்.

பெண்கள் ஏன் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள் என்பதுதான் கட்டுரையின் கேள்வி. வலி தாங்காமல் என்பார்கள் டாக்டர்கள். வார்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட உர்சுலாவிடம் பெண்கள் சொன்ன காரணம் வேறு. ஊசி மருந்து ஏறினால் முடி கொட்டுகிறது. முடி கொட்டினால் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. ஆகவே ஆஸ்பத்திரியே இலவசமாக விக் கொடுக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் அடித்துச் சொல்லியிருந்தாள்.

அந்தக் கடைசிப் பக்கத்தை நினைத்தால்தான் உறுத்தியது. காரணம் தங்கம்.

நகரின் வடகோடியில், மார்சிலிங்கில் குடியிருக்கும் தங்கத்துக்கு மார்பிலிருந்து கட்டி எடுத்து, முதல் ஊசியும் போட்டாயிற்று. இரண்டாவது ஊசிக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மகன் சேதுபதிக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டுக்கு நோய் விஷயம் தெரியாது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்திருந்தது. உர்சுலா ஆசையாய் ஒரு விக் கொண்டுபோனாள். காதளவு வெட்டிய முடி. தங்கம் அதைத் தலையில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"இதுல எங்க பாப்பா பூ வைக்கிறது?" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். "கல்யாணம் முடியட்டும்லா. அப்புறம் எத்தனை ஊசி வேணாலும் போட்டுக்கிறேன்."

அதுவரை நோய் காத்திருக்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் அவள் வந்தாக வேண்டும்.

தங்கத்தின் கதையைக் கட்டுரையில் சேர்க்காதே, பரிசு உனக்குத்தான் என்றார்கள் தோழிகள். உர்சுலாவும் சேர்க்கவில்லை. சேர்க்காமல் விட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, மேடைக்கென்று தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கத் தேக்கா கடைத்தெருவுக்குப் போனாள். பூக்கடை முன்னால் ஒரு பெண். முழு மொட்டை. உர்சுலாவின் கண்ணுக்கு அந்த நாட்களில் உலகமே ஒரு வார்டு. நேரே போய் அந்தப் பெண்ணின் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எத்தனாவது ஊசி? வாந்தி ரொம்ப இருக்கா?"

அந்தப் பெண் கையை உதறினாள். "என்ன ஊசி? யாரு நீ?"

அப்போதுதான் அவள் தலையில் பூசியிருந்த சந்தனம் உர்சுலாவுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேளாங்கண்ணிக்குப் போய்ச் சொந்த அத்தையே மொட்டை போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆராய்ச்சி முற்றினால் சந்தனமும் கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

"மன்னிச்சுக்குங்க அக்கா. ஆளை மாத்தி நினைச்சுட்டேன்."

"மகனுக்கு எச்.டி.பி. அரசாங்க வீடு கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்லா. நேத்துதான் சாவி குடுத்தாங்க" என்றாள் அந்தப் பெண், கோபம் தணிந்து. பெயர் பாக்கியலட்சுமியாம். பூக்காரர், பக்கத்துக் கடைக்காரர், போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. எல்லோரும் அந்தத் தலையைப் பார்த்து மகிழ்ச்சியாக விசாரித்தார்கள்.

உர்சுலா ரவிக்கையை மறந்தாள். அதே மொட்டைதான். ஒருத்தி அதற்குப் பயந்து உயிரையே விடப் பார்க்கிறாள். இன்னொருத்தி அதைத் தேக்கா முழுக்கக் காட்டிக்கொண்டு நடக்கிறாள். மார்சிலிங் பஸ்ஸை ஓடிப் பிடித்தாள்.

முடி கொட்டும் முன்பே வேண்டுதலாக மொட்டை போட்டுக்கொள்ளலாமே என்று மூச்சு வாங்கத் தங்கத்திடம் சொல்லி முடித்தாள். தங்கத்தின் கணவர் மருதப்பன் செய்தித்தாளைத் தாழ்த்திப் பிடித்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பொய்யா வேண்டிக்கச் சொல்றியா? சாமிகிட்ட விளையாட்டு வேணாம்" என்றாள் தங்கம்.

"பொய் எதுக்கும்மா? நிஜமாவே கேக்கிறதுக்கு உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"பேரப்பிள்ளையைப் பார்க்கணும்" என்றாள் தங்கம், அடங்கிய குரலில்.

"அதையே கேளுங்க."

"கேட்டது கிடைச்ச பிறகுதான் பாப்பா முடி குடுப்பாங்க."

"முன்னாடியே குடுத்தா வேணாம்னு சொல்லுமா சாமி?"

"வேதக்காரப் பொண்ணு வந்து எனக்குக் கோயில் முறை சொல்லுது பாருங்க" என்று மருதப்பனிடம் சொன்னாள் தங்கம். சிரிக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பழைய ரவிக்கையோடு மேடையேறிய உர்சுலா, கடைசிப் பக்கத்தைக் கையிலேயே எடுக்கவில்லை. விக் எல்லோருக்கும் தீர்வாகாது என்று தொடங்கி, பெயர் சொல்லாமல் தங்கத்தின் கதையைச் சொன்னாள். மொட்டையை மதிக்கிற வழக்கம் நோயாளியின் வீட்டிலேயே இருக்கலாம், முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றாள். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அந்த நோயாளி சிகிச்சைக்குத் திரும்பி வந்தாரா?" என்று நடுவர் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், பரிசு கைக்கு வந்துவிடும்.

"இன்னும் வரவில்லை" என்றாள் உர்சுலா.

முதல் பரிசு ஒரு மருத்துவ மாணவனுக்குப் போனது. அவளுக்குக் கிடைத்தது கைதட்டல். அன்று இரவு தலையணைக்குத்தான் தெரியும் அவள் அழுகை.

திங்கட்கிழமை காலை வார்டுக்குள் நுழைந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலோர நாற்காலியில் தங்கம் உட்கார்ந்திருந்தாள். பளபளக்கும் மொட்டை, வழியவழியச் சந்தனம். ஒரு கையில் ஊசி மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் வைக்க முடியாத மல்லிகையை மறு மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். பக்கத்தில் மருதப்பன், அவரும் மொட்டை.

"மருந்து பிடுங்கிக்கிறதுக்கு முன்னாடி நானே குடுத்துட்டேன்" என்றாள் தங்கம். "சம்பந்தியம்மா நேத்து வந்தாங்க. வேண்டுதல்னு சொன்னேன். தலையைத் தொட்டுக் கண்ல ஒத்திக்கிட்டாங்க. கல்யாணம் முடிஞ்சதும் நோயையும் நானே சொல்லிடுவேன்."

உர்சுலா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். சந்தனம் கன்னத்தில் ஒட்டியது.

"பரிசு என்னாச்சு?"

"கிடைக்கலைம்மா. உங்க கதையைப் பேர் சொல்லாம சொன்னேன். அந்தம்மா திரும்பி வந்தாங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன்."

தங்கம் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தை நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை கல்யாணத்துக்கு அப்பால் ஒரு நாளைக் குறித்துப் பேசத் துணியாதவள் அவள்.

"அந்தப் போட்டி அடுத்த வருஷமும் வைப்பாங்களா?"

"வைப்பாங்கம்மா."

"அப்ப நீ பேசு. நான் முன்வரிசையில உக்காந்திருக்கேன்" என்றாள் தங்கம். "பூ வச்சிக்கிட்டு."