மாற்றுக்கொடி

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் சங்கக் கட்டடத்தில் அன்று மதியம் கூடியவர்கள் ஐந்து பேர். தலைவர் தங்கப்பாண்டி மேசைக்குப் பின்னால், விசிறிக்கு நேர் கீழே. அவருக்கு வலப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் மதுரையிலிருந்து வந்த ஏற்றுமதி முகவர் சாய்பிரசாத். எதிர் பெஞ்சில் ஒச்சம்மாள். வாய்க்கால் முடியும் கடைமடையில் கொடிக்கால் வைத்திருப்பவர். வேளாண்மை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியவன் என்பதால் நான் சன்னலோரம். வீரணன் மட்டும் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

மேசையில் அவன் கிள்ளி வந்த வெற்றிலைகள் கிடந்தன. ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் எண்ணெய் தெளித்தது போல் புள்ளி. வழக்கமான வாடல் எங்களுக்குத் தெரியும்; வேரில் தொடங்கும். இது நுனியில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். போன மாசியில் சாய்பிரசாத் ஒரு வெளிநாட்டு வியாபாரியைக் கூட்டி வந்தார். அவர் ஊன்றி வளர்க்க நம் விதைக்கொடி கேட்டார். எங்கள் பக்கம் விதைக்கொடியை விற்பதில்லை. வாங்கியவர் தன் கொடியில் ஒரு கட்டு திருப்பித் தருவார். மாற்றுக்கொடி என்று அதற்குப் பேர். அதைத் தோட்டத்தின் முதல் பாத்தியில் ஊன்ற வேண்டும். ஓரத்தில் தள்ளினால் கொடுத்தவரை அவமதித்ததாகும். அந்த மனிதரும் வழக்கத்தை மதித்து, தன் நாட்டிலிருந்து யாரோ ஒரு பயணியின் பெட்டியில் ஈரச் சாக்கு சுற்றிய கட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். தலைமடைக்காரன் வீரணன் அதை ஊன்றினான். வாய்க்கால் தண்ணீர் அவன் கொடிக்காலில் புகுந்துதான் மற்றவர்களுக்குப் போகிறது.

“மழை ஜாஸ்தின்னு எழுதுங்க சார்,” என்றார் சாய்பிரசாத். “வெளிநாட்டுக் கொடின்னு வேளாண்மை ஆபீஸுக்கு எழுதினா எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கச் சொல்லிருவாங்க.”

“அன்னைக்கு வரவேற்புக் கூட்டத்துல மைக்குல என்னமோ சொன்னீகளே தம்பி, உலகமயமாக்கல்னு,” என்றார் ஒச்சம்மாள். “அதுக்கு என்ன அர்த்தம்? இப்பச் சொல்லுங்க.”

“கொடுக்கல் வாங்கல்தாம்மா. உலகமே ஒரே சந்தை.”

“சந்தைக்கு வந்தவன் பொழுது சாஞ்சா போயிருவான். இது குடியேறிருச்சே. ஒரு சம்பந்தம்னாக்கூட எந்த ஊரு, என்ன சீக்குன்னு விசாரிக்க மாட்டோம்?”

“ஒம் மகனுக்குப் பொண்ணு பாத்தப்ப விசாரிச்சியாக்கும்?” என்று தங்கப்பாண்டி சீண்டினார்.

“நான் விசாரிச்சேன். பொண்ணு வீட்டுக்காரகதான் இவனப் பத்தி விசாரிக்காம விட்டுட்டாக.”

நான் சிரித்துவிட்டேன். வீரணன் சிரிக்கவில்லை.

உலகமயமாக்கல் என்ற அந்தச் சொல்லை வியாபாரிக்கான வரவேற்பு மடலில் நானும் எழுதியிருந்தேன். நம் இலை வெளியே போகும் என்பதுதான் அப்போது நாங்கள் கொண்ட பொருள். உள்ளே எது வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“ஏப்பா, நீ யாருக்காச்சும் விதைக்கொடி குடுத்தியா?” என்று ஒச்சம்மாள் திடீரென்று கேட்டார்.

வீரணன் செல்போனை எடுத்தான். வைகாசியில் அவனிடம் கொடி வாங்கிப்போன வெளியூர் மச்சினன் சங்கிலியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

“கொடி எப்பிடி இருக்கு மாப்ள?”

“சும்மா சரசரன்னு ஏறுது மாமா! பாத்துட்டு இங்க நாலு ஊருக்காரக வாங்கிட்டுப் போயிட்டாகன்னா பாருங்களேன்.”

“நுனி கறுத்திருக்கா?”

“லேசா. வெயிலுன்னு நெனச்சேன். ஏன் மாமா?”

வீரணன் விஷயத்தைச் சொன்னான். யாருக்கும் இனி ஒரு கணு கூடக் கொடுக்காதே என்றும் சொன்னான். அந்த நாலு ஊரின் பேரையும் கேட்டுக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

“மழைன்னு எழுதாதீகண்ணே. வீரணன் கொடிக்கால்ல ஊன்றுன மாற்றுக்கொடின்னு எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க.”

“மொதல்ல ஒன் தோட்டத்தத்தான்டா எரிப்பாக,” என்றார் தங்கப்பாண்டி. “அதவிட்டா ஒனக்கு வேற என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லதான். எழுதச் சொல்லுங்க.”

சாய்பிரசாத் எழுந்து வெளியே போய்ப் போனில் யாரிடமோ தணிந்த குரலில் பேசத் தொடங்கினார். நான் தேதியிட்டு, பொருள், காரணம், கொடி போய்ச்சேர்ந்த ஊர்கள் என்று வரிசையாக எழுதினேன். ஊர்களுக்குக் கீழே ‘இன்னும் பிற’ என்று எழுதும்போது கை நின்றது. அங்கிருந்து கொடி போயிருக்கக்கூடிய ஊர்களின் பெயர் தெரிந்தவர் எவருமில்லை. வாசித்துக் காட்டியதும் வீரணன் கையெழுத்திட்டான். உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தினேன். தபால் நிலையத்துக்கு அவனும் வந்தான். பதிவுத் தபாலில் முத்திரை விழுந்தது. உறை சாக்குப்பைக்குள் போனது.