அறுக்காமல் அவிழ்த்த நூல்

நுழைவுத் தேர்வின் முடிவு வந்த மறுநாள் காலை சால்கின் படுக்கையை விட்டு எழுந்தபோது, அவளுடைய இரண்டு கணுக்கால்களும் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய கம்பளி நூலால் கட்டப்பட்டிருந்தன. யாரும் கட்டவில்லை. எங்கள் ஊர் கரா-தெரெக்கில் அன்று உருளைக்கிழங்கு விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, பாலத்துக்கு அப்பால் ஒரு கழுதை குட்டி போட்டிருந்தது, சால்கினின் காலில் நூல் இருந்தது. அந்த நூல் எது என்று ஊருக்கே தெரியும். அவள் முதல் அடி எடுத்து வைத்தபோது காலில் கட்டிய அதே நூல்.

எங்களிடத்தில் குழந்தை நடக்கத் தொடங்கினால் இப்படித்தான் காலைத் தளர்வாகக் கட்டி வெளியே நிறுத்துவோம். ஊரார் தூரத்திலிருந்து ஓடி வருவார்கள். முதலில் வந்து சேர்ந்தவர் கத்தியால் நூலை அறுப்பார். அறுத்தவரின் நடை குழந்தைக்கு வரும் என்பதால் சோம்பேறிகளை ஓட விடுவதில்லை. சால்கினின் அண்ணன் எலமானுக்குக் குதிரைப் பந்தயத்தில் பேர் வாங்கிய ஒருவர் அறுத்தார். எலமானும் தலைநகர் பிஷ்கெக் வரை போய், கல்லூரியில் இரண்டாம் ஆண்டையே இரண்டு தடவை படித்துக்கொண்டு, புது ஷூ வாங்கும்போதெல்லாம் வீட்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். சால்கினின் முறை வந்தபோது மட்டும் அவள் அம்மா புபுரா கத்தியை விலக்கிவிட்டு, முடிச்சைத் தானே அவிழ்த்து, நூலைச் சுருட்டிப் பெட்டியில் போட்டாள். அந்தக் குளிர்காலம் கம்பளிக்குத் தட்டுப்பாடு, காலுறை பின்ன ஆகும் என்றாள். கஞ்சப் பிசினாறி என்று ஊர் சிரித்தது. காலுறையும் பின்னியபாடில்லை.

நூல் ஊருக்குள் அவளை ஒன்றும் செய்யவில்லை. பால் கறக்கலாம், ஊற்றுக்குப் போகலாம், கடைக்குப் போய் வரலாம். சாலையோரம் வரிசையாக நிற்கும் பாப்ளர் மரங்களில் கடைசி மரத்தைத் தாண்டக் காலை எடுத்தால்தான் இறுகியது. ஆட்டு மயிர் கத்தரிக்கும் கத்திரியும் டிராக்டர் கொட்டகையின் ரம்பமும் தண்ணீருக்குள் போவதுபோல் நூலுக்குள் போய் வந்தன. சால்கின் தன் கையாலேயே சமையல் கத்தியை வைத்து அறுத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. பிஷ்கெக் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு அரசாங்கச் செலவில் இடம் கிடைத்திருந்தது. சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஊரில் யோசனைக்கா பஞ்சம்? ஓஷ் நகரத்திலிருந்து தாய்மாமன் ஜுமாஷ் கிளம்பி வந்தார். "டாக்டருக்குப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தலை நரைச்சுடும்மா. எங்க ஊர்ல டீச்சர் படிப்பு படி, நம்ம வீட்லயே தங்கிக்கோ" என்றார். அவர் அங்கே தங்கும் விடுதி நடத்துகிறார். படுக்கை விரிப்புகளைத் துவைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். புபுராவுக்கு ஒரே பாட்டு: "பக்கத்துல நாரின்ல இல்லாத காலேஜா? வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்தா மாட்டைப் பாத்துட்டுத் திங்கக்கிழமை போயிடலாம்." ரஷ்யாவில் கட்டட வேலை செய்யும் அப்பா போனில், அம்மா சொல்வதைக் கேள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சால்கின் யாரிடமும் சண்டை போடவில்லை. "நம்ம ஊருக்கு ஊசி போட வர்ற அக்காவுக்குக் கை நடுங்குது. எனக்கு நடுங்காது. நான் பிஷ்கெக் போறேன்" என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னாள்.

அறுக்க வழி ஒன்றுதான். ஊரார் மறுபடி ஓட வேண்டும். புதன்கிழமை என்று முடிவானது. சால்கின் வேன் ஓட்டும் குபாத்திடம் போனாள். "அண்ணே, நீங்க ஓடுங்க. பிஷ்கெக் போற கால் இந்த ஊர்ல உங்களுக்குத்தான் இருக்கு."

"என் கால் போனா திரும்பியும் வருமேடி."

"வரட்டும்ணே. முதல்ல போகட்டும்."

பள்ளிக்கூட வாசலில் பதினேழு வயதுப் பெண்ணைக் கால் கட்டோடு நிறுத்தினோம். பொரித்த போர்சோக் ரொட்டியைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். ஜுமாஷ் கடை வரைக்கும் ஓடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குபாத்தான் முன்னால் வந்தான், ஜெயித்த மாதிரிதான். அப்போது பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினான். சமையல் உடுப்போடும் ரப்பர் செருப்போடும் புபுரா வந்துகொண்டிருந்தாள். குபாத் வேகத்தைக் குறைத்தான். பெற்றவள் ஓடி வரும்போது அவளை முந்திப்போய் நிற்க எங்கள் ஆட்களுக்குக் கால் வராது. தாயின் கையைவிட நல்ல கை வேறு எது என்றும் நினைத்திருப்பான். நாங்களும் அப்படித்தான் நினைத்துக் கைதட்டினோம். மடத்தனம் என்பது அதுதான்.

புபுரா மண்டியிட்டாள். கத்தியை நூலில் வைத்தாள், எடுத்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு நகத்தால் முடிச்சை நெம்பத் தொடங்கினாள்.

"அம்மா, அறுத்துடு."

"அவிழ்ந்தா போதாதா? நல்ல கம்பளிடி."

"அறுத்துடும்மா."

"கால் விடுபட்டுடுச்சுல்ல? அப்புறம் என்ன?" என்று நூலைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சால்கின் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடைசி பாப்ளர் மரத்தைத் தாண்டி வேன் போயிற்று, சால்கின் போகவில்லை. இருக்கையில் உட்கார்ந்த வாக்கில், மடியில் சான்றிதழ் உறையோடு, மரத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் இருந்தாள். காலில் நூல் இருந்தது. மலைக் கணவாயில் பயணக் காசு வாங்கத் திரும்பியபோதுதான் குபாத்துக்குத் தெரிந்தது. அவன் வந்து சேர்வதற்குள் அவள் கீழே இறங்கி வீட்டுக்கு நடந்திருந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. அவளுடைய இடம் வேறு யாருக்கோ போயிற்று. அந்தப் பிள்ளையும் நன்றாகப் படித்திருக்கும், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகு சால்கின் அம்மாவிடம் பேசவில்லை. கோடை முழுக்க வேலை செய்தாள், பேசவில்லை. புபுரா அவள் தட்டில் கொழுத்த துண்டாகப் பார்த்து வைத்தாள், இரவில் தனியாக அழுதாள். மகனும் புருஷனும் ஆளுக்கொரு திக்கில் போன வீட்டில் இவளும் போனால் சுவரோடுதான் பேச வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். பொய்யில்லை. இலையுதிர் காலத்தில் கிழங்கு தோண்டும்போது நூல் செடிகளில் சிக்கிக்கொண்டே இருந்தது. புபுரா கிழங்குக் கத்தியோடு குனிந்து ஒரு இழுப்பு இழுத்தாள். சாதாரணக் கம்பளிபோல் நூல் அறுந்தது.

"போடி. அடுத்த வருஷம் எங்க வேணா போ" என்றாள், அழுதுகொண்டே.

சால்கின் எழுந்தாள். பசு உதைத்ததிலிருந்து புபுராவின் வலது கால் லேசாக இழுக்கும். சால்கினின் வலது கால் இழுத்தது. சாலைப் பக்கம் திரும்பினாள், கால்கள் தொழுவத்துக்குப் போயின.

"ரோடு இந்தப் பக்கம்டி" என்று அம்மா கத்தினாள்.

"நான் எங்கம்மா போறேன்? அதுதான் போகுது" என்றாள் சால்கின். அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசியது அதுதான். அடுத்த வருஷம் தேர்வு நாளில் பேனாவோடு கிளம்பியவள் பால் வாளியோடு பசுவின் பக்கத்தில் நின்றாள். அதற்கு அடுத்த வருஷம் கிளம்பவே இல்லை.

இப்போதெல்லாம் குபாத் கடைசி பாப்ளர் மரத்தைத் தாண்டியதும் வேனை நிறுத்தி, உள்ளே எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறான். எலமான் பட்டம் வாங்காமல் ஊர் திரும்பிவிட்டான். பின்னாலிருந்து பார்த்தால் தாய் யார் மகள் யார் என்று எங்களுக்குத் தெரிவதில்லை, புபுரா என்று கூப்பிட்டால் இருவருமே திரும்புகிறார்கள். போன வாரம் எலமான் பசியோடு வீட்டுக்குள் வந்து, அடுப்படியில் நின்றவளின் முதுகைப் பார்த்து, "அம்மா, சாப்பாடு போடு" என்றான். சால்கின் போட்டாள்.